ஏணைக் கொக்கியும் சிவப்புத் தூளும்

இரண்டு வருடத்துக்கு முன், கத்திரி வெயில் கொளுத்திய நேரம். திருச்செங்கோட்டில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு சேலம் அம்மாபேட்டைக்குத் திரும்பினேன். நான் இல்லாத நேரத்தில் என் கணவர் வேறு வாடகை வீடு பார்த்துக் குடி போயிருந்தார். பழைய வீடு. ஆனால் உள்ளே பூசி, வெள்ளையடித்து, டைல்ஸ் போட்டுப் புதுசு போல வைத்திருந்தார்கள். ஒரே குறை, ஏணை கட்டக் கூரையில் கொக்கி இல்லை. சேலையில் கட்டும் தூளியைத்தான் எங்கள் பக்கம் ஏணை என்போம்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்து குழந்தையை ஏணையில் போடுவதாக ஏற்பாடு. அத்தை கையால் போடுவதுதான் முறை. அதனால் முதல் நாளே என் கணவர் நண்பரிடம் ஹாமர் டிரில் மெஷினை இரவல் வாங்கி வந்துவிட்டார். நூல் கடையில் கணக்கு எழுதுகிறவர்தான். ஆனால் வீடியோ பார்த்தே மேஸ்திரி ஆகிவிடலாம் என்று நம்புகிறவர். கண்ணுக்குக் கூலிங் கிளாஸ், தூசி பிடிக்க, துளை போடும் பிட் கம்பியில் கோத்த காகிதக் கப், ஏறி நிற்க முக்காலி. ஏற்பாடெல்லாம் பிரமாதம்!

மெஷின் அலறியதும் குழந்தையும் அலறினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் முரண்டு பிடித்தது. அப்புறம் களிக்குள் கரண்டி இறங்குவது போல பிட் உள்ளே போய்விட்டது. கப்பில் சாம்பல் நிறமாக விழுந்துகொண்டிருந்த தூள், சிவப்பாக மாறியது.

என் அப்பா போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். உள்ளே மண்ணா கல்லா என்பதை வெளியே வரும் தூளைப் பார்த்துச் சொல்வார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எனக்குத் திக்கென்றது.

"ஏனுங்க, தூளு செவப்பா வருது. உள்ள செங்கல்லாட்டம் இருக்குதுங்க."

"அந்தக் காலத்து கான்கிரீட்டுல செங்கல் ஜல்லிதான் போடுவாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!"

இருக்கலாம். மறுத்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. ஓட்டைக்குள் போய் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட் கொக்கி ஒன்றை வைத்து, பல்லைக் கடித்து முறுக்கினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினார். கால் கட்டைவிரல் மட்டும் முக்காலியை விட்டு எழவே இல்லை. அதையும் நான்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கண் தானாக மேலே போனது. ஃபோனில் நாத்தனாரிடம் சொன்னேன். "புள்ள பெத்தவளுக்கு இப்பிடித்தான் சாமி, கண்டதையும் நெனச்சு மனசு பதறும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டபின் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே எனக்குத்தான் ஏதாவது கோளாறோ?

வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஏணை கட்டிப் பூச்சரம் சுற்றியாகிவிட்டது. நாத்தனார் குழந்தைக்குக் கை நீட்டினார். என் கை விடவில்லை. பயமாக இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசுகிறாள் என்பார்கள். என்ன செய்வது என்று தவித்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. முதலில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டி, அப்புறம்தான் பிள்ளையைப் போட வேண்டும். பிள்ளை கல்லு போல உறுதியாக இருக்கட்டும் என்று செய்வது. வேறு வீடுகளில் பார்த்து நானே கேலி செய்திருக்கிறேன். மிக்ஸி மட்டுமே இருக்கும் எங்கள் வீட்டில் அதை யாரும் நினைக்கவில்லை.

"அண்ணி, குழவிக்கல்லப் போடாம புள்ளையப் போடக்கூடாதுங்க. எங்கூட்டுல முறைய உட்டதே இல்லீங்க."

"நல்ல நேரம் முடியப்போவுது, இப்பக் கல்லுக்கு எங்க போறது?" என்று கணவர் முறைத்தார்.

நாத்தனார் விடவில்லை. "அவ சொல்றது நாயந்தான்டா. பக்கத்தூட்டுல கேட்டு வாங்கியா." என் பயத்துக்குக் கிடைக்காத மரியாதை முறைக்குக் கிடைத்தது!

கல் வந்தது. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து ஏணையில் போட்டு நாத்தனார் ஆட்டினார். யாரோ கல்லுக்குப் பேர் வைத்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். கொக்கி அசையவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. வீணாக எல்லோரையும் காக்க வைத்துவிட்டேனே என்று குழந்தையோடு எழுந்தேன். அப்போது நாத்தனாரின் தோளில், வெளிர் நிறப் பட்டு ஜாக்கெட்டில், பொடிப்பொடியாக ஏதோ விழுந்தது. சிவப்பு.

"அண்ணி, தள்ளுங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் பின்வாங்கவும், உடைந்த செங்கல்லோடு கொக்கி பிடுங்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. குழவிக்கல் தரையில் மோதி டைல்ஸ் நொறுங்கியது. பூச்சரமும் சேலையும் அதன்மேல் சரிந்து விழுந்தன. மார்போடு மகளை அழுத்திக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். என் கணவர் செங்கல் துண்டைக் கையில் எடுத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய கூரையாம் அது. கீழே கட்டை தெரியாமல் பூசி மறைத்திருக்கிறார்கள். வீட்டு ஓனர் சாவகாசமாக வந்து சொன்னார். செங்கல்லில் துளை போடும்போது மெஷினின் ஹாமர் அடியை நிறுத்திவிட்டுச் சுற்ற மட்டும் விட வேண்டுமாம். கான்கிரீட்டுக்கான விரிகிற போல்ட்டைப் போட்டால் செங்கல் உள்ளேயே பிளந்துவிடுமாம். இவர் முறுக்க முறுக்க அது பிளந்திருக்கிறது. இதையெல்லாம் இப்போது யார் வீட்டில் டிரில் மெஷின் எடுத்தாலும் என் கணவர்தான் முதல் ஆளாகப் போய்ச் சொல்கிறார். தூளைப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

மகள் இரும்பு ஸ்டாண்டு ஏணையில் தூங்கித்தான் வளர்ந்தாள். இப்போது ஓடித் திரிகிறாள். நொறுங்கிய இடத்தில் போட்ட வேறு நிற டைல்ஸ்மேல்தான் சப்பணம் போட்டு விளையாடுவாள். அங்கே அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தானாக ஒருமுறை மேலே போய்வரும். கூடவே, என் பயத்தை நானே நம்பாமல் அன்று பிள்ளையைக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பும் வரும்.