வாடையை மறித்த சீலை

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கார்த்திகையின் கடைசி வாரம் அது. உலகப்போர் முடிந்திருந்தாலும் துணிக்கும் அரிசிக்கும் பங்கீட்டு அட்டை ஒழியாத காலம். இராயபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான் அருகிலிருந்த பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். ஐப்பசி மழையில் எங்கள் அறையின் வடக்குச் சுவர் இடுப்பளவு நிற்க, மேற்பாதி சரிந்து விழுந்தது. சிமிட்டி கிடைத்தவுடன் எழுப்பித் தருவதாகச் சொல்லி, வீட்டுக்காரர் அந்த இடைவெளியில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைக் கட்டுவித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சிமிட்டி அவருக்கும் கிடைக்கவில்லை.

சென்னையில் குளிர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. கம்பளியும் கதவும் உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். ஈரத் தரையும் கீற்றுச் சுவருமாய் இருக்கும் அறையில், ஒரு முழ நீளம்கூட இல்லாத ஒரு குழந்தைக்குக் கடற்காற்றே கொடுங்குளிர். மாதா கோயில் தெருவிலிருந்து வந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சி, புறப்படும்போது என்னை வாசலுக்கு அழைத்துச் சொன்னார்: “கணப்புச் சட்டி வெக்காதீங்க சார். பொக மூச்ச அடச்சிடும். காத்து மட்டும் மேல படக்கூடாது. ஒரு மாசம் தாங்கிட்டா பொழச்சிக்கும்.”

இருந்த ஒரே கம்பளியைத் தாய்க்கும் சேய்க்கும் கொடுத்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரிடம் இரண்டு கோணிகள் வாங்கித் தட்டியின்மேல் தொங்கவிட்டேன். அவை சாரலைக் குடித்துக்கொண்டு அறையை மேலும் குளிர்வித்தன. கஞ்சிப் பசையிட்டுப் பழைய செய்தித்தாள்களை ஒட்டினேன். உப்புக்காற்றில் விடிவதற்குள் அவை உரிந்து தொங்கின. குழந்தையின் பாதங்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. பால் குடிக்கவும் அவளுக்கு வலுவில்லை. என் மனைவி பஞ்சில் நனைத்து நனைத்துப் புகட்டினாள்.

எங்கள் முற்றத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு. கடலோரக் குப்பத்தில் கட்டுமரம் செலுத்தும் ஒருவரின் மனைவி நாள்தோறும் இரண்டு குடம் மொண்டுபோக வருவார். குழந்தை பிறந்த மூன்றாம் நாள், உரிந்து தொங்கிய தாள்களை அவர் நின்று பார்த்தார்.

“இன்னா வாத்யாரே, செவுத்துக்குப் பேப்பரு படிக்கக் குட்த்துகினு கீறியா?”

குடத்தை வைத்துவிட்டுப் போனவர், ஒரு பெரிய துணி மடிப்பைத் தலையில் சுமந்து திரும்பினார். பட்டைச் சாயத்தில் ஊறிச் செம்மண் நிறம் ஏறிய முரட்டுப் பருத்திச் சீலை அது. அவர்களுடைய கட்டுமரத்தின் பாய். மீன்நெய்யும் உப்பும் கலந்த வாடை அறையெங்கும் பரவியது.

“இத்த மாட்டு. கடக்காத்தே இத்தத் தாண்டிப் போவாது. தங்கச்சி, நாத்தம் ரெண்டு நாளு பேஜாரா இருக்கும், அப்பறம் பழகிடும்” என்று என் மனைவிக்கு ஆறுதலும் சொன்னார்.

அன்று மாலை விளக்கின் சுடர் முதன்முறையாக அசையாமல் நின்றது. இரண்டு நாளில் பாதங்களின் நீலம் வெளிறத் தொடங்கியது. கடல் கொந்தளித்திருந்தது, கட்டுமரங்கள் யாவும் கரையேறிக் கிடந்தன. சும்மா கிடக்கும் பொருளைத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி நன்றி சொன்னேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் மழை ஓய்ந்தது. வானம் தெளிந்த பிறகு குளிர் கூடியது. பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை விட்டிருந்தார்கள். சுடுமணலைத் துணியில் முடிந்து குழந்தையின் காலடியில் வைத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு நண்பகலில் சாக்கோடு கடற்கரைக்குப் போனேன். கடல் அடங்கிக் கிடந்தது. கட்டுமரங்கள் பாய் விரித்து, காற்றின் போக்கில் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன. மீன் ஏலம் முடியும் தறுவாயில், வெகு தொலைவில் ஒரே ஒரு மரம் பாயில்லாமல் வந்தது. அதிலிருந்தவர் முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அதோ வராரு பாரு, நம்ம துடுப்பு ராஜா” என்றார் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர்.

“பாயி இன்னாச்சி அவருக்கு?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“எலி கடிச்சிடுச்சாம் மாமு. பொஞ்சாதி தெச்சிகினு கீதாம்.”

“பத்து நாளாவா? எலி கடிச்சிதா, யானை கடிச்சிதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாக்கில் அள்ளிய மணலைக் கொட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

கேட்டதைச் சொன்னேன். என் மனைவி குழந்தையின் பாதங்களைக் கம்பளிக்குள் இழுத்து மூடினாள். பிறகு, “அவுத்துக் குடுத்துடுங்க. நான் இவள மடியை விட்டு எறக்காம வச்சிக்கிறேன்” என்றாள். மடி மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முடிச்சுகளை அவிழ்த்தேன். தட்டி உடனே படபடத்தது.

சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவழியே குப்பத்துக்கு நடந்தேன். அந்த அம்மா குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து, சீலையைப் பறித்து உள்ளே எறிந்தார்.

“இத்தத் தூக்கிகினு தெருவோடவா வந்தே? யாராச்சும் பாத்தாங்களா?”

“அவர் துடுப்புப் போட்டு வர்றதப் பாத்தேன்மா. எங்களால உங்களுக்கு இந்தக் கஷ்டம் வேணாம்.”

“படிச்சவரு நீ, இதுகூடத் தெரியல. பிரசவமான வூட்ல தொங்கன சீலய நாப்பது நாளு மரத்துல ஏத்த மாட்டோம். இன்னிக்கி நீ குட்த்தாலும் அது இங்க சும்மாத்தான் கெடக்கும்.”

“அது தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“தெரியாமயா குடுப்பாங்க?”

உள்ளே சுவரில் சாய்ந்திருந்த கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். உள்ளங்கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது.

“நாந்தான் குடுக்கச் சொன்னேன் வாத்யாரே. எனக்குத் துடுப்பு கீது. அந்தக் கொழந்தக்கி இன்னா கீது?”

“எலி கடிச்சதா ஏன் சொன்னீங்க?”

“நெசத்தச் சொன்னா, தீட்டுச் சீலய வூட்டுக்குக் கொண்டாரப் போறியான்னு எங்காளுங்க பஞ்சாயத்து வெப்பாங்க. எலின்னா வந்து இல்லன்னு சொல்லாது பாரு.”

அவருடைய மனைவி சீலையை ஒரு சாக்கில் திணித்து வாயைக் கட்டினார். “எட்த்துகினு போ. யாராச்சும் கேட்டா மணலுன்னு சொல்லு. அந்தி சாயட்டும், இவரு வந்து கட்டுவாரு. உன் முடிச்சு எனுக்குத் தெரியும். ஒரு காத்துக்குத் தாங்காது.”

வழியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணலென்றே சொல்லியிருப்பேன்.

இருட்டிய பின் அவர் கொல்லைப்புறமாக வந்தார். பிரசவ அறைக்குள் அவர் வரக்கூடாதாகையால், தட்டிக்கு வெளியே அவர் நின்றார். உள்ளே நான் நின்றேன். கயிற்று நுனியைக் கீற்றின் இடுக்கு வழியே நான் நீட்ட, அவர் பற்றி இழுத்தார். சுற்றி மறுபடி உள்ளே நீட்டினார். இரண்டொரு தடவை அந்த விரல்கள் என் விரல்களில் பட்டன; உரிந்த தோலும் எண்ணெயும் தெரிந்தன. “இன்னும் இஸ்த்துப் புடி வாத்யாரே. வலிக்காது, துணிதான்” என்றார். சீலை முரசுத்தோல்போல் விறைத்து நின்றது. என் மனைவி குழந்தையைத் தூக்கி வாசற்படியருகே காட்டினாள். அவர் தலையைச் சாய்த்து, தூரத்திலிருந்தே பார்த்தார்.

“அம்மாந்தூண்டு கீது” என்றார். “ஆனா கையப் பாரு, கெட்டியா மூடிகினு கீது.”

அதன்பின் இருபது நாள்களுக்கு மேலாக அவர் துடுப்போடுதான் கடலுக்குப் போனார். ஏலம் முடியும் வேளைக்கு வந்து, கிடைத்த விலைக்கு மீனைக் கொடுத்தார். அவர்கள் அன்று செய்ததற்கு ஈடாக நான் என்ன செய்தேன் என்று எண்ணிப் பார்த்தால், கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை நானே மொண்டு குப்பம் வரையில் கொண்டுபோய் வைத்ததைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. “வாத்தியாரு தண்ணி தூக்குறாரு, மழ வரப்போவுது” என்று அந்த அம்மா அதையும் கேலி செய்தார்.

பொங்கல் கழிந்து நாற்பதாம் நாள் வந்தது. மருத்துவச்சி குழந்தையைக் கைகளில் ஏந்திப் பார்த்து, இனிக் கவலையில்லை என்றார். அவள் தானே பால் குடிக்கப் பழகியிருந்தாள். அந்த அம்மா வந்து சீலையை அவிழ்த்து, மஞ்சள் நீரில் நனைத்து, கடல்நீரில் அலசி எடுத்துப் போனார்.

மறுநாள் அவருடைய கணவர் பாய் விரித்துச் சென்றதை நான் பார்க்கவில்லை. அன்று விடியலிலிருந்தே என் மகள் ஓயாமல் அழுதாள். பிறந்த நாள் முதல் அவள் அவ்வளவு உரக்க அழுததில்லை. முன்கட்டிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நானும் என் மனைவியும் அவளை அமர்த்த மனமில்லாமல் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.