கேரியரில் ஓர் இடம்

நாளை மகனோடு சைக்கிளில் போய் மலையில் ஓர் இரவு டென்ட் போடப் போகிறேன். என் தொப்பையைச் சைக்கிள் தாங்குமா என்று வீட்டில் பெரிய பட்டிமன்றம். பழைய டியூபைக் கிழித்து டென்டைக் கேரியரில் கட்டும்போது அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியது.

அப்பாவும் இப்படித்தான் கட்டினார். அப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அடைமழையில் லயத்துக்கு மேலே மலை விரிசல் விட்டு வெடித்திருந்தது. "ஒரு ராத்திரிக்கு ஸ்கூல்ல போய்ப் படுங்க" என்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டுப் போனார். பாய், கம்பளி, டீக் கேத்தல், மேலே அம்மாவின் கொழுந்துக் கூடை. எட்டு வயதில் எனக்கு அது உல்லாசப் பயணம். கேரியரில்தான் வருவேன் என்று சேற்றில் உருண்டேன்.

"ஏங்க, கூடைய எறக்கிடுங்க. காலைல வந்து எடுத்துக்கிறேன். சின்ன தொர ஏறட்டும்" என்று அம்மா சிரித்தாள்.

மலை வெடித்தாலும் காலையில் பெரட்டு உண்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பார்கள். கூடையில்லாமல் போய் நின்றால் அன்றைய பேர் கிடைக்காது, கூலியும் இல்லை. விடிந்ததும் அம்மா கூடையை எடுக்க லயத்துக்குப் போனாள். அப்போதுதான் மண் இறங்கியது. மூன்றாம் நாள்தான் அவளை எடுத்தார்கள்.

அப்பா என்னை ஏசவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் அதே சைக்கிளைக் கொண்டுவந்தார். நடந்து வருகிறேன் என்று அழுதேன்.

"ஒக்காரு சாமி. ஒங்கம்மா ஒனக்குத்தானே எடம் விட்டா."

மகன் வந்து எட்டிப் பார்த்தான். "மலையில மழ புடிச்சா என்னப்பா பண்றது?"

"எறங்கி வந்துருவோம்."

"சாமானெல்லாம்?"

"கெடக்கட்டும்டா. எதையும் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது."