கலாநிதி மாமா வீட்டுத் தண்டவாள மணி

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் கலாநிதி மாமா வீட்டு வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. முழங்கை நீளம் இருக்கும். ஒரு பக்கம் துரு. மற்றப் பக்கம் அடி வாங்கி வாங்கி வெள்ளையாய் மினுங்கியது. பக்கத்தில் கயிற்றில் ஒரு பெரிய இரும்பாணி. அந்த வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றுமுன் ஆணியை எடுத்து ஒரு அடி அடித்துவிட்டுத்தான் உள்ளே ஓடுவார்கள். மாமா சோபாவில் இருந்தபடியே, "அது ஆபிரிக்காச் சனம் எனக்குத் தந்த பரிசு. அவையின்ரை பள்ளிக்கூட மணி" என்று வந்தவர்களுக்குச் சொல்வார். வந்தவர்கள் ஆவென்று பார்ப்பார்கள். அது யாரும் அவருக்குத் தந்த பரிசு இல்லை என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், மற்றது அவர்.

அவர் எனக்குச் சொந்த மாமா அல்ல. ஒஸ்லோவில் வளர்ந்த எங்களுக்கு மீசை வைத்த தமிழர் எல்லோரும் மாமாதான். இவர் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் கலாநிதி மாமா. தமிழர் வரத் தொடங்கிய காலத்திலேயே நோர்வேக்கு வந்து, வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பொருளாதாரம் படித்தவர். மீன் வெட்டிய கதையை அவர் சொல்லாத மேடை கிடையாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நோர்வே நடுவில் நின்று ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, ஒஸ்லோவில் கோட்டுப் போட்ட தமிழன் எவனும் எதற்கும் நிபுணன் ஆகலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இவருக்குப் போர்த்த பொன்னாடைகளைத் தைத்தால் வெஸ்ட்லியில் எங்கள் அடுக்குமாடி முழுவதற்கும் திரைச்சீலை போட்டிருக்கலாம். இறந்தவர்களைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும் என்பார்கள். அவர் நல்ல சுகத்தோடு இருக்கிறார். ஆகவே எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அவருடைய மந்திரம் ஒன்றே ஒன்று: போட்டி. பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டிய கையோடு பிள்ளையைப் பிடித்து, "கணக்கிலை எத்தினை புள்ளி? உனக்கு மேலை எத்தினை பேர்?" என்பார். இங்கே சின்ன வகுப்புகளில் புள்ளி போடுவதில்லை. பிள்ளை திருதிருவென்று முழித்து, "எங்களுக்கு இன்னும் கரக்டேர் தாறேல்லை மாமா" என்று புள்ளிக்கான நோர்வேச் சொல்லில் மறுமொழி சொல்லும். "புள்ளி போடாதது பள்ளிக்கூடமே? அது விளையாட்டுக் கொட்டில்" என்று சபைக்குச் சொல்லிச் சிரிப்பார். பெற்றோரும் சேர்ந்து சிரிப்பார்கள். பிள்ளையின் முகம் சுண்டிப்போவதைக் கேக்குத் தட்டோடு நின்று பார்த்தபடி வளர்ந்தவள் நான்.

நான் படிப்பை முடித்த வருடம் அவர் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அவர்தான் எடுத்துவிட்டார். "மாமாவாலைதான் உனக்கு இந்த வேலை. மறக்கக் கூடாது" என்று அம்மா சொன்னா. மறக்கவில்லை, இப்போது எழுதுகிறேன். ஆபிரிக்காவில் ஒரு நாடு. பெயர் வேண்டாம், பிழை அந்த நாட்டில் இல்லை. புதிதாக வந்த அரசாங்கம் பள்ளிக்கூடக் கட்டணத்தை ரத்துச் செய்திருந்தது. பிள்ளைகள் ஆயிரமாயிரமாய் வந்து குவிய, வகுப்பறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை, காசும் இல்லை. உதவிப் பணத்தை எந்த வழியில் கொடுத்தால் படிப்பு உயரும் என்று உதவி கொடுக்கிறவர்கள் எங்கள் நிறுவனத்திடம் கேட்டார்கள். எங்கள் நோர்வேத் தலைவி அந்தக் கேள்வியைக் கலாநிதி மாமாவிடம் கொடுத்தார். "அவரே அப்படி ஒரு நாட்டிலிருந்து வந்தவர்" என்று கூட்டத்தில் மெல்லிய குரலில் சொல்வார். சுற்றி இருந்தவர்கள் பழுப்புச் சீஸ் வைத்த பாணைக் கடித்தபடி தலையாட்டுவார்கள். தாங்கள் சொன்னால் திமிர் என்று படக்கூடியதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கறுத்த வாய் வேண்டியிருந்தது. மாமா அந்த வாயைச் சந்தோஷமாய்க் கொடுத்தார்.

அந்த நாட்டுக்கு அவரோடு நானும் போனேன். எத்தனையோ பள்ளிக்கூடங்கள் பார்த்தோம். எனக்கு மனதில் நிற்பது ஒன்றுதான். செம்மண் வளவு, ஒரு பக்கம் பள்ளிவாசல், மற்றப் பக்கம் தகரக் கூரைத் தேவாலயம், நடுவில் பள்ளிக்கூடம். இரண்டு சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில், பக்கத்தில் பக்கத்தில். தலைமை ஆசிரியை கிறிஸ்தவர். உப அதிபர் முஸ்லிம். நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டைக் கட்டிடத்துக்குப் பின்னால் கொடுக்கிறோம், பசியோடு இருக்கிற பிள்ளைக்கு மணம் போகாது என்று அந்தத் தலைமை ஆசிரியை அம்மா காட்டினார். சாப்பாடு வைத்த இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தார். மாமரத்தில் தண்டவாளத் துண்டு தொங்கியது. ரயில் நின்றுபோன பாதையிலிருந்து ஊர்ச் சனம் வெட்டிக் கொண்டுவந்து கட்டியதாம். அவர் அதை அடித்தவுடன், இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் புழுதி கிளம்பப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

திரும்பும் வழியில் ஜீப்பில் மாமா வாய் ஓயாமல் கதைத்தார். "இதுதான் பிழை. எல்லாருக்கும் பொதுவான பள்ளிக்கூடம் ஒருத்தருக்கும் சொந்தமில்லை. எங்கடை யாழ்ப்பாணத்தைப் பார். வேதக்காரப் பாதிரிமார் வந்து பள்ளிக்கூடம் கட்டிச்சினம். அவையைப் பார்த்துச் சைவக்காரர் போட்டிக்குக் கட்டிச்சினம். அந்தப் போட்டியிலைதான் நாங்கள் இண்டைக்கு உலகம் முழுக்க இருக்கிறம். இஞ்சையும் அதைத்தான் செய்ய வேணும். சமயத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், சோதினை முடிவைப் பாத்துக் காசு."

"அந்தப் போட்டிப் பள்ளிக்கூடங்களிலை எங்கடை அப்பாவை வாங்கிலை இருக்க விடேல்லை, மாமா. நிலத்திலைதான் இருத்தினவை. அதையும் எழுதுவியளோ?" என்று கேட்டேன்.

எங்கள் சாதி என்ன என்று அவருக்குத் தெரியும். தெரியாதது போல் இருப்பதுதான் ஒஸ்லோ மரியாதை. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது பழங்கதை. உன்ரை கொப்பரும் அதாலைதானே படிச்சு முன்னுக்கு வந்தவர்" என்றார். அப்பா முன்னுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, இங்கே வந்து, ஒஸ்லோவில் பஸ் கழுவினார். அன்றைக்கு எனக்கு மாமாமேல் இருந்த மிச்ச மரியாதையும் போனது. தன் ஊரின் படிப்பை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தவர், அந்த ஊரின் வாசல்களில் யார் யாரை மறித்தார்கள் என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அவர் சொன்னபடியே ஆலோசனை போனது. மாதிரிக்கென்று சில ஊர்களில் நடத்தியும் பார்த்தார்கள். அந்தச் செம்மண் வளவும் அதில் ஒன்று. பணம் பள்ளிக்கூடத்துக்கு இல்லை, நடத்துகிற சமய சபைக்கு என்றதும், அதுவரை ஒரே மாமரத்தடியில் நின்றவர்கள் இரண்டு சபையாகப் பிரிந்தார்கள். நடுவில் சுவர் எழும்பியது. உப அதிபர் சுவருக்கு அந்தப் பக்கம் அதிபரானார். எங்கள் அலுவலகத்தில் இதற்கு 'உள்ளூர்ப் பொறுப்புணர்வு' என்று பெயர். அடுத்த பனிக்காலத்தில் அனுபவங்களைப் பகிர ஒஸ்லோவில் ஒரு கருத்தரங்கு வைத்து, அந்தத் தலைமை ஆசிரியையையும் அழைத்தார்கள்.

அவரைக் கூட்டிவர நான்தான் விமான நிலையத்துக்குப் போனேன். யாரோ கொடுத்த, தோள் பெரிதான குளிர்ச் சட்டை போட்டிருந்தார். பெட்டியைத் தூக்கினால் கை இற்றுப்போகும் கனம். புத்தகமோ என்று கேட்டேன். "மணி" என்றார். இரண்டு பக்கமும் அதைக் கேட்டார்களாம். பழைய மணி யாரிடம் இருக்கிறதோ அதுதான் உண்மையான பள்ளிக்கூடம் என்று பெற்றோருக்குள் பேச்சு வந்துவிட்டது. ஒருநாள் கல்லெறியும் நடந்தது. அதனால் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன் என்றார். "இதைத் திட்டம் போட்டவர்களின் மேசையில் வைப்பேன். எந்தப் பிள்ளைகளுக்கு என்று அவர்களே சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் திட்டத்தை நிறுத்தட்டும்." ரயிலில் அவர் எதிரில் இருந்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. இத்தனை தூரம் இரும்பைச் சுமந்து வந்த ஒருவரை எப்படித் தட்டிக் கழிப்பார்கள் என்று நினைத்தேன்.

கருத்தரங்கு ஒரு ஹோட்டல் மண்டபத்தில். பகலிலேயே மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார்கள். வாஃபிள் மணந்தது. தலைமை ஆசிரியையின் முறை வந்ததும் பையிலிருந்து தண்டவாளத் துண்டை இரண்டு கையாலும் எடுத்து, மேடையில் இருந்த மாமாவின் முன்னால் நடந்துபோய் நீட்டினார். "எங்கள் ஊரில் இதற்கு இப்போது இடமில்லை" என்று தொடங்கினார்.

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. மாமா துள்ளி எழும்பிவிட்டார். முப்பது வருடமாக மேடையில் தன்னை நோக்கி வந்த எல்லாமே நினைவுச் சின்னமாகவே இருந்த மனிதர் அவர். கேடயம், பொன்னாடை, பித்தளைக் குத்துவிளக்கு. இரும்பு வந்தாலும் கை தானாக நீளும். இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்து, குனிந்து வணங்கி, "எங்கள் பண்பாட்டிலும் பரிசை இப்படித்தான் வாங்குவோம்" என்று நோர்வே மொழியில் சபைக்குச் சொன்னார். சபை கைதட்டியது. படம் எடுத்தார்கள். அந்த அம்மா, "இல்லை, இது பரிசு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போனது. முதற்கணத்தில் மாமா தெரியாமல்தான் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்தார். நான் கண்டேன். பார்த்துவிட்டு இன்னும் அகலமாய்ச் சிரித்தார்.

நான் பின் வரிசையில் எழும்பினேன். "அது பரிசு அல்ல, முறைப்பாடு. அந்த ஊரில் இந்தத் திட்டத்தால் பள்ளிக்கூடம் இரண்டாகி, பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். அவரைப் பேச விடுங்கள்" என்று நோர்வே மொழியில் தெளிவாகவே சொன்னேன். எங்கள் தலைவி ஒலிவாங்கியை எடுத்தார். "முக்கியமான கருத்து. நன்றி. இப்போது கோப்பிக்கு நேரம்" என்றார். எல்லோரும் எழும்பி வாஃபிளுக்கு வரிசையில் நின்றார்கள். இவ்வளவு பண்பாக ஒருவரின் வாயை மூட இந்த நாட்டால்தான் முடியும். ஊரில் என்றால் நாலு பேர் சத்தம் போட்டிருப்பார்கள். சத்தத்துக்காவது மறுசத்தம் போடலாம்.

மாமா கோப்பிக் கோப்பையோடு என் பக்கம் வந்தார். "வீட்டுப் பிரச்சினையை வெள்ளைக்காரன்ரை சபையிலை கொண்டுவரலாமோ? வளத்த கடா மார்பிலை பாய்ஞ்சிட்டுது" என்றார். எந்த வீடு, யாருடைய வீடு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் யாரோ அவரை வாழ்த்த வந்துவிட்டார்கள். மணியைத் திருப்பிக் கேட்கவும் அந்த அம்மா விரும்பவில்லை. "கொண்டுபோனால் மறுபடி சண்டை" என்றார். வெறும் பெட்டியோடு திரும்பிப் போனார். என் வேலை ஒப்பந்தம் அந்த வசந்தத்தோடு முடிந்தது, நீட்டவில்லை. அம்மா என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு தொலைபேசியில் அந்தத் தலைமை ஆசிரியை சொல்லித்தான் மிச்சம் தெரியும். சோதனை முடிவில் உப அதிபரின் பக்கம் கீழே போக, அதற்குப் பணம் நின்று, பள்ளிக்கூடம் மூடப்பட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் வாருங்கள் என்று இவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். இவருடைய சபை ஒத்துக்கொள்ளவில்லை, கல்லெறிந்த பிறகு பெற்றோரும் அனுப்பவில்லை. பிள்ளைகள் சுவர்மேல் ஏறி இருந்து பாடம் கேட்கிறார்கள் என்றார். எங்கள் நிறுவனம் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. மாமாவுக்கு அந்த வருடம் தமிழர் மண்டபத்தில் கல்விக்கான விருது கொடுத்தார்கள்.

போன கோடையில் அவருடைய பேத்தியின் பிறந்தநாளுக்கு அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆணியால் அடித்தார்கள். அவர் அதே கதையைச் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, எல்லோரும் பார்க்கத் தண்டவாளத்தைக் கழற்றினேன்.

"மாமா, இது உங்களுக்குத் தந்தது இல்லை. நான் கொண்டுபோறன்."

அம்மா தலையில் கை வைத்தா. அவர் சோபாவிலிருந்து மெல்ல எழும்பி வந்தார். கோபப்படுவார், இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு சண்டையாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தபடி என் கையிலிருந்து அதை வாங்கினார். வாங்கி, இரண்டு கையாலும் என்னிடமே நீட்டினார். "பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது. என்ரை பரிசா வைச்சிருக்கட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நான் "இல்லை, இது பரிசு இல்லை" என்றேன். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

அது இப்போது வெஸ்ட்லியில் என் சமையலறை மூலையில் கிடக்கிறது. அந்த ஊர்ச் சனம் கட்டிய கயிறு இன்னும் அதில் இருக்கிறது. அனுப்பிவிடட்டுமா என்று அந்த அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சுவர் நிற்கிறதாம், அந்தப் பக்கம் ஆடு கட்டுகிறார்களாம். "யார் பெயருக்கு அனுப்புவாய்?" என்று கேட்டார்.