அடிக்கு ஒரு சீட்டு

காலை பத்தேகாலுக்குத் தகவல் வந்தது. 1996, ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில், டோக்கனுக்கு நின்றவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் அய்யூப் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேடம், நம்ம பரிபூரணம் போயிட்டா. பெரியாஸ்பத்திரியில, விடியக்காலம். ரத்த வாந்தியாம்."

வரிசையில் நின்ற ஒருவருக்குக் காது கேட்டுவிட்டது. "யாரு, இந்தத் தெருவக் கூட்டுதவளா? குடிச்சே செத்திருப்பா."

நான் அடுத்தவரின் பெயரைக் கேட்டேன்.

பரிபூரணம் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. தாயார் இறந்தபின் அந்த வேலை அவளுக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பம். எங்களிடம் பேசும் தமிழில் எந்தத் தடுமாற்றமும் இருக்காது. சுகாதார ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையை எட்டிப் பார்ப்பதை அப்படியே நடித்துக் காட்டுவாள். "ஒங்க ஆஸ்பத்திரிக் குப்பைய நாந்தான அள்ளுதேன், எனக்குமா டோக்கனு?" என்று கேட்டுக்கொண்டே வரிசையில் போய் நிற்பாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் அவளை 'நீ' என்றேன்; அவள் என்னை 'அம்மா' என்றாள். பன்னிரண்டு வருடத்தில் இது மாறவில்லை.

1988-ல் முதல்முறையாக இடது கை ஒடிந்து வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வீட்டுக்காரரு அடிச்சாரும்மா" என்றாள். மறைக்கவில்லை, அழவும் இல்லை. வாயில் சாராய வாடை இருந்தது. சாக்கடையில் இறங்கும் நாளில் ஒரு மடக்குக் குடிக்காமல் அந்த வேலை ஓடாது என்று அவர்கள் எல்லோரும் சொல்வதுண்டு.

நோயாளிக்குக் கொடுக்கும் சீட்டில் அடி என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும்; பிறகு டாக்டர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஆகவே எங்கள் சீட்டில் எந்தப் பெண்ணும் அடி வாங்கியதில்லை. எல்லோரும் விழுந்தார்கள். ஆனால் விழுந்த விதம் வேறுவேறு. ஜவுளிக்கடைக்காரர் மனைவி அப்ரோஸ் பேகம் உதடு கிழிந்து வந்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதினோம். எழுதிவிட்டு டாக்டர் அவள் கணவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி அரைமணி நேரம் ஏசினார். ஜமாத்தில் பேசி அவளை ஆறு மாதம் தாய்வீட்டில் இருக்க வைத்தார்கள். நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலைச் சுற்றிய எங்கள் மாடவீதிப் பெண்களும் குளியலறையில்தான் விழுவார்கள். அண்ணன்மார் வந்து அழைத்துப் போவார்கள்.

பரிபூரணத்துக்கு டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: மது போதையில் விழுந்தது என்று போடு. "அந்த ஜனத்துல இதெல்லாம் சகஜம்" என்றும் சொன்னார். நான் பி.எஸ்ஸி. படித்தவள், எழுத்து அழகாக இருக்கும். அழகாக எழுதிக் கொடுத்தேன். அவள் புருஷன் தவசிமுத்துவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவன் வெளியே கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சகஜம் என்றுதான் நானும் நினைத்தேன். அவளுக்கு எங்களைவிடக் குறைவாக வலிக்கும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

1990-ல் வயிற்றில் உதைபட்டு ஐந்து மாதக் கரு கலைந்து வந்தாள். அதன்பிறகுதான் குடி அதிகமாயிற்று. ஊசி போடும் அறையில் கதவைச் சாத்தவிட மாட்டாள்.

"கண்ண மூடினா வீட்டுக் கதவுத் தாப்பா போடுத சத்தம் கேக்குதும்மா. ஒரு கிளாசு உள்ள போனாத்தான் அது அடங்குது."

"நீ குடிக்காம இருந்தா அவன் ஏன் அடிக்கப் போறான்?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "நல்லாருக்கே! கல்யாணம் ஆன மாசமே அடிச்சாரு. அப்ப நான் கலரு சோடாகூடக் குடிச்சதில்ல."

ஐந்து முறை வந்தாள். ஐந்து முறையும் அதே வரியை எழுதினேன்.

1994-ல் தவசிமுத்து அவர்களின் ஒரே மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கான்சாபுரத்தில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். தங்கை மகனுக்குக் கட்டிவைக்கத் திட்டம். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. பரிபூரணம் அவனைவிட்டுத் தனியே வந்து, மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அந்தப் பிள்ளை தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்பதற்கு மேல் அவளுக்கு வேறு பேச்சு இல்லை.

விசாரணைக்கு முந்தின வாரம் ஒரு பவுடர் டப்பாவோடு வந்தாள். உள்ளே எங்கள் சீட்டுகள், நான்காக மடித்து.

"அஞ்சும் பத்திரமா வச்சிருக்கேன்மா. அடிக்கு ஒண்ணு. எல்லாம் ஒங்க கையெழுத்து. இதவிட என்ன சாட்சி வேணும்? வக்கீலு குமாஸ்தாட்ட குடுக்கப் போறேன்."

அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. சீட்டில் இருந்தது ஆங்கிலம். கூட்டம் நிறைய இருந்தது. "நல்லபடியா நடக்கும், போய்ட்டு வா" என்றேன்.

குமாஸ்தா ஐந்தையும் வாசிக்காமலே தாக்கல் செய்துவிட்டார். தவசிமுத்துவின் வக்கீல் வாசித்தார், ஒவ்வொன்றாக, தமிழில் விளக்கி. நீ குடிப்பாயா என்று கேட்டதற்கு அவள், "குடிப்பேன் சாமி" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். 1996 தை மாதம் தீர்ப்பு. மகள் தகப்பனிடமே இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் மருத்துவமனை வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

"என்னம்மா இப்படி எழுதிட்டீங்க?"

"டாக்டர் சொன்னத எழுதினேன் பரிபூரணம்."

"நான் ஒங்ககிட்டதான சொன்னேன். அடிச்சாருன்னு. தமிழ்லதான சொன்னேன்?"

அவளே தொடர்ந்தாள். "சரி விடுங்க. நடந்தத நடந்தபடி இப்ப எழுதிக் குடுங்க. அப்பீல் போடணும்னா மூணு மாசத்துக்குள்ள வேணுமாம், வக்கீலு சொல்லுதாரு."

எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். டாக்டரிடம் சொன்னபோது, "பத்மாசனி, உனக்கு வேலை வேண்டாமா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வீட்டில் அண்ணா, "நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார். எழுதித் தர முடியாது என்று அவளிடம் சொல்லியிருந்தால் வேறு வழியாவது தேடியிருப்பாள். அதையும் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து நான் இறங்கி வரும்போது அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பாள். முதலில், "ஆச்சாம்மா?" என்று கேட்பாள். பங்குனியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் கடந்து போகத் துடைப்பத்தை ஒதுக்கிக்கொள்வாள், அவ்வளவுதான். சித்திரையோடு கெடு முடிந்தது.

வைகாசியில் கான்சாபுரத்தில் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்க்குத் தகவல் இல்லை. வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நாலு நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது காலை ஏழரைக்கே குடித்திருந்தாள். அதுவரை வேலை முடிந்த பிறகோ சாக்கடை நாளிலோதான் குடிப்பாள். கண் மஞ்சளாகிக்கொண்டே போனதை அய்யூப் இரண்டு முறை என்னிடம் சொன்னார். முப்பத்தாறு வயது.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக நான் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தது உண்மை. தமிழில்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. முதல் இரண்டு சீட்டுகளைப் பற்றிய விவரம் முடிந்து, மூன்றாவதற்குத் தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.