செனோர் அக்கிலினோவின் நீலப் பை

எங்கள் நெடுந்தூர ஓட்டச் சங்கத்தின் செயலாளர் செனோர் அக்கிலினோ தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஓடியிருக்கிறார். தலைநகர் திலியில் கோமோரோ பக்கம் ஒரு மினிபஸ்ஸைப் பிடிப்பதற்காக. பஸ் கிடைக்கவில்லை.

அவர் பிறந்தது லிக்கிசாவில். எங்கள் நாட்டை இந்தோனேசியர் ஆண்ட காலத்தில் பள்ளி விளையாட்டு விழாக்களில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அடுத்து நீளத் தாண்டுதல்" என்று சொல்லுவார், யாரோ தாண்டுவார்கள். அன்றிலிருந்து தன்னை விளையாட்டுக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். பிழைப்புக்குத் திலியில் நில ஆவணங்களில் முத்திரை குத்தும் குமாஸ்தா வேலை. நாடு விடுதலை பெற்று மூலைக்கு மூலை சங்கங்கள் முளைத்தபோது, மற்றவர்கள் ஆள் சேர்க்க அலைந்தார்கள். இவர் முதல் வேலையாக ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொண்டார். ஸ்டாம்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சங்கம் என்பது அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

கல்யாணமோ சாவோ ஞாயிற்றுக்கிழமைப் பூசையோ, எதற்கும் அரசாங்கம் கொடுத்த சிவப்பு டிராக் சூட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவார். தொப்பையின் மேல் ஒரு விசில் தொங்கும். ஊத மாட்டார். ஐந்து முறை வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனார், சதுரங்கத்துக்கு, சைக்கிளுக்கு, இன்னும் எது எதற்கோ. ஒவ்வொரு முறையும் வீரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், இவர் ஓட்டல் சோப்போடு திரும்பினார். என் அக்கா வெனராந்தா வருஷம் முழுக்க அந்தச் சோப்பில்தான் குளித்தாள். அக்கா அவருடைய மனைவி.

நான் தியோனிசியோ. பிடாவ் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆறாவது தடவை, தென்கிழக்கு ஆசியப் போட்டிக்கு அவர் கிளம்பியபோது, என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். எங்கள் ஊரில் பெண் கொடுத்த வீடு ஒரு படி உசத்தி. பெண் எடுத்தவன் அந்த வீட்டாரிடம் குரலை உயர்த்த முடியாது, கேட்டதை இல்லை என்று சொல்லவும் முடியாது. அவருக்குப் பெண் கொடுத்த வீட்டின் ஆண்பிள்ளை நான்.

"மச்சான், உங்களுக்கு என்ன வேலைன்னு போட்டுக் கூட்டிட்டுப் போறது?" என்று தலையைச் சொறிந்தார்.

"முடி வெட்றப்ப கழுத்தைப் பிடிச்சு விடறேன் இல்ல அத்தான், அதையே கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்க."

என் கழுத்து அட்டையில் 'தசை நிபுணர்' என்று அச்சாகி வந்தது.

விமானத்தில் ஏறியவர்கள் இருபத்தொரு பேர். ஓட, குத்த, நீந்த ஒன்பது பேர். மீதிப் பன்னிரண்டு பேரும் எங்களைப் போன்றவர்கள். பன்னிரண்டு பேருக்கும் நாட்டுச் சின்னம் போட்ட நீலப் பை ஒன்று கொடுத்தார்கள். ஒன்பது பேர் கையில் இருந்தது கடையில் காய்கறி வாங்கிய பிளாஸ்டிக் பை.

அந்த ஒன்பது பேரில் எர்மெலிந்தாவும் இருந்தாள். மலைமேல் ஐலியு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சோறு ஆக்குபவள், முப்பத்து மூன்று வயது. விடிவதற்கு முன் திலிப் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கி ஓடி, மறுபடி ஏறி ஓடி, அப்புறம்தான் அடுப்பு மூட்டுவாள். பெண்கள் மாரத்தானில் அந்த வருஷம் ஓடுவதற்கு ஏழே பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதாக வந்தால் அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை தருவதாக மேலிடத்தில் எழுத்தில் கொடுத்திருந்தார்கள். பதக்கம் இல்லையென்றால் கரண்டிதான்.

தொடக்க விழா அணிவகுப்பில் எங்கள் நாடு தொலைக்காட்சியில் வந்தது சில நொடிகள்தான். ஐலியுவில் ஊரே ஒரு வீட்டு முற்றத்தில் கூடி எர்மெலிந்தாவைப் பார்க்கக் காத்திருந்ததாம். அவர்கள் பார்த்ததெல்லாம் செனோர் அக்கிலினோவின் முதுகு. அவ்வளவு அகலம் அவர். கேமரா வரும் பக்கமாகப் பார்த்து அவள் முன்னால் போய் நின்றிருக்கிறார்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் பிற்பகல் அவள் எங்கள் அறைக்கு வந்தாள். நானும் அத்தானும் ஒரே அறை. ஐந்து பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புத் துணி நாடா கட்டியிருந்தது, அவள் மாமியார் நெய்த கைத்தறித் துணியில் கிழித்தது. ஓடி வரும்போது தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்பதற்காக. ஐந்தாவது பாட்டிலில் மட்டும் இரண்டு நாடா.

"செனோர், ஏழு கிலோமீட்டர் சுத்து, ஆறு சுத்து ஓடணும். ஒவ்வொரு சுத்துலயும் நம்ம தண்ணி மேஜைக்கிட்ட வருவேன். அப்ப ஒண்ணு குடுங்க. கடைசிதுல உப்பும் பனைவெல்லமும் கூடப் போட்டிருக்கேன். அது முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல வேணும். எனக்கு அங்கதான் கால் இழுக்கும்."

"எனக்கே பாடமா, மானா? அஞ்சு போட்டி பாத்தவன் நான்." எங்கள் ஊரில் அக்கா முறையுள்ள பெண்களை மானா என்போம். அவரைவிட இருபது வயது சின்னவளையும் அவர் மானா என்றுதான் கூப்பிடுவார். மரியாதை கொடுப்பதில் மட்டும் குறை வைக்க மாட்டார்.

"மாரத்தானா பாத்தீங்க, செனோர்?"

"சதுரங்கம். ரெண்டும் பொறுமைதானே."

அவள் சிரிக்கவில்லை. பாட்டில்களை அவருடைய நீலப் பையில் தானே அடுக்கி, நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேரும் கடைத்தெருவில் இருந்தோம். எண்ணெய் ஒட்டாத சட்டிகள் தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். வெளிநாடு போய்விட்டு வெறுங்கையோடு வந்தால் சொந்தக்காரர்கள் வாசலைக் கூட மிதிக்க மாட்டார்கள். அதனால் ஆளாளுக்குச் சட்டி. எங்கள் குத்துச்சண்டைக்காரன் மூக்கு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சாயங்காலம் அது. அவனைப் பார்க்கப் போகவேண்டிய மருத்துவ மேலாளர் எனக்கு முன்னால் வரிசையில் நின்று சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலை செனோர் அக்கிலினோ எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், இருட்டில் தடவி நீலப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து மேஜையில் நின்ற யாரோ படம் பிடித்துவிட்டார்கள். திலியில் அதைப் பார்க்காத கைபேசி கிடையாது. முதல் சுற்று முடித்து எர்மெலிந்தா வருகிறாள், கையை நீட்டிக்கொண்டே வருகிறாள். செனோர் பையைத் திறக்கிறார். உள்ளே மூன்று சட்டி. மூடியோடு. ஒரு சட்டியை வெளியே எடுத்து அதன் அடியில் பார்க்கிறார், பாட்டில் அங்கே இருக்கும் என்பது போல. ஒரு கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் நீட்டிய கையோடு அவரைக் கடந்து போகிறாள். அவர் அந்த மூடியை ஆட்டி, "போ மானா, போ" என்கிறார்.

அதன் பிறகு அவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடப்பது தெரியும். ஓட்டலில் இருந்த பதினோரு பேருக்கும் அடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தண்ணீர்க் கேன் தூக்கத்தான் கூப்பிடுகிறார் என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

போட்டி நடத்தியவர்கள் கொடுத்த வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவள் முப்பத்தைந்து வரை மூன்றாவதாகத்தான் ஓடினாள். அங்கே கால் இழுத்தது. குனிந்து கெண்டைக்காலைப் பிடித்தாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஒருத்தி தாண்டிப் போனாள். நான்காவது.

விமான நிலையத்தில் வரவேற்பு. முறைப்படி பெரியவர்களுக்கு முதலில் தோளில் கைத்தறித் துண்டு போட்டார்கள். பன்னிரண்டு துண்டும் எங்கள் தோளில் ஏறி முடிந்துவிட்டன. ஒன்பது பேரும் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அந்த வண்டியில் இருந்தது எங்கள் பெட்டிகள். செனோர் அக்கிலினோ ஒலிபெருக்கியை வாங்கி, "நாலாவது என்பது சின்ன இடமல்ல" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒருத்தன், "சட்டி செனோர்" என்றான். சிரிப்பு வெடித்தது. ஒரு மாதத்துக்குள் ஸ்டாம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அவர் பின்னால் தட்டு தட்டிக்கொண்டு போனார்கள். நில அலுவலகத்தில் அவர் மேஜைமேல் தினமும் யாராவது ஒரு மூடியை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் டிராக் சூட் போடுவதை விட்டார்.

கூட்டத்தில் அந்தப் பெயரை முதலில் சொன்னவன் என் கடைக்கு வருகிறவன். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். ஊருக்கு வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிட்டேன், நல்ல வேடிக்கையாக இருந்தது.

விமான நிலையத்திலிருந்து அன்று வீட்டுக்குப் போய், மனைவிக்குச் சட்டியைக் காட்டலாம் என்று என் நீலப் பையைத் திறந்தேன். ஐந்து பாட்டில்கள் இருந்தன. சிவப்பு நாடாவோடு.

அப்படியே மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் அக்கா வந்து துணியில் சுற்றிய மூன்று சட்டிகளைத் திண்ணையில் வைத்தாள். "உங்க அத்தான் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றாள். அந்தச் சட்டிகளில்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் மீன் பொரிகிறது. நன்றாக இருக்கிறது, ஒட்டுவதில்லை.

ஒரு வருஷம் போனது. ஒரு நாள் மத்தியானம் அவர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. தொப்பை பாதியாகியிருந்தது. சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, இன்றைக்கு இவர் வாயைக் கிளறிப் பார்க்கலாம் என்று கேட்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

"அத்தான், அன்னைக்கு லைட்டைப் போட்டுப் பாத்திருக்கலாம் இல்ல?"

"போட்டா நீங்க முழிச்சுக்குவீங்க."

"அதுக்காகவா?"

"பெண் குடுத்த வீட்டு ஆளு. தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

எடுத்த கத்தியைக் கீழே வைத்தேன். "சட்டி யாருதுன்னு அப்பவே தெரியுமா?"

"நீங்க பேரம் பேசறப்ப பக்கத்துலதானே நின்னேன், மச்சான். சின்னச் சட்டி மூடியில ஒரு கீறல் இருந்துச்சே." கண்ணை மூடிக்கொண்டார். "உங்க பேரைச் சொல்லிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உங்க அக்கா போடற சோத்தத் திங்கறது? சவரத்தைப் பண்ணுங்க, நுரை காயுது."

இந்த மனிதரைத்தான் நான் இத்தனை பக்கம் கேலி செய்து எழுதியிருக்கிறேன். எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை. சோப்புத் திருடர்தான், முதுகைக் காட்டியவர்தான். ஆனால் அன்று விடியற்காலையில் அந்தப் பன்னிரண்டு பேரில் எழுந்து போன ஒரே ஆள் அவர்தான். அதை நினைக்கும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை ஒரு சின்ன லாரியில் ஏறி ஐலியு போனேன். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் தகரக் கொட்டகை. எர்மெலிந்தா பெரிய அண்டாவில் மக்காச்சோளமும் பூசணியும் பயறும் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். பாட்டில்களை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். அவள் நாடாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க அந்தத் தசை நிபுணர் இல்ல?"

"ஆமா, மானா. பை மாறிப் போச்சு. அந்தச் சட்டிப் பை என்னுது. செனோர் மேல தப்பு இல்ல."

"அவர் லைட்டைப் போட்டிருக்கலாம்."

"என் தூக்கம் கெடக் கூடாதுன்னு போடல."

"நீங்க போனை எடுத்திருக்கலாம். ஓட்டல்ல இருந்து டாக்ஸில வந்தா அரை மணி நேரம். நான் மூணு மணி நேரம் ஓடினேன்." கோபமாகச் சொல்லவில்லை. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

அவள் ஐந்து பாட்டில்களின் நாடாக்களையும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான்கைத் திறந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். இரண்டு நாடா கட்டியிருந்த ஐந்தாவதைக் கையில் எடுத்தாள்.

"இது முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல வேணும்னு சொல்லியிருந்தேன்" என்றாள்.

அதையும் ஊற்றினாள். வெளியே மணி அடித்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டா பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைங்க வர்ற நேரம். கொஞ்சம் வழிய விட்டு நில்லுங்க."

நான் நகர்ந்து நின்றேன்.