விளக்கேந்திய பெண்ணின் முகம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். ஆண்டு விழாக் கண்காட்சிக்குப் பெரிதாக ஏதாவது செய்யலாம் என்று டிராயிங் டீச்சர் ஆரம்பித்து வைத்தார். ஸ்ரீரங்கம் கோயில் மண்டபம் ஒன்றின் விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியம் இருந்தது. ராணி பல்லக்கில் போகிறாள். தோழிகள் விளக்கேந்தி முன்னால் நடக்கிறார்கள். அவர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து அதை வரைந்துகொண்டு வந்தார். ஒரு திரைச்சீலையில் அந்த ஊர்வலத்தை நான் எம்பிராய்டரி போட ஆரம்பித்தேன்.

ஒரு தோழிக்கு மட்டும் முகம் இல்லை. அந்த இடத்தில் காரை உதிர்ந்து போயிருந்ததாம்.

"உங்க இஷ்டத்துக்கு ஒரு முகம் வச்சிடுங்களேன்" என்றார் டிராயிங் டீச்சர்.

நான் யாரையும் நினைத்துத் தைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் பக்கவாட்டில் பார்க்க, அவள் மட்டும் ஏனோ நேராகப் பார்த்தாள். மெல்லிய உதடு, சற்றே ஏறிய இடது புருவம். முடிக்கும் சமயத்தில் ஊசி விரலில் ஏறி, அவள் மோவாயில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது. கழுவியும் போகவில்லை. பழுப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டு மறைத்தேன். பார்ப்பதற்கு மச்சம் போல இருந்தது.

கண்காட்சியன்று மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, ஒரு அம்மாள் அந்தத் திரைச்சீலை முன்னால் நின்றவர் நகரவே இல்லை. ஹாஸ்டலில் படிக்கும் மகளைப் பார்க்கத் தொட்டியத்திலிருந்து வந்திருந்தார்.

"இவளை எங்கே பார்த்தீங்க டீச்சர்?"

"யாரையும் பார்த்துப் போடலைங்க. மனசுல வந்தது."

"இந்த மச்சம் கூடவா?"

விரலில் குத்திய கதையைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"என் தங்கச்சிங்க. காவேரியில வெள்ளம் வந்தப்ப துவைக்கப் போனா. ஆறு இழுத்துட்டுப் போயிருச்சு. உடம்பு கூடக் கிடைக்கலை." பக்கத்தில் யாரோ தூங்குவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ கண்ணை மூடிவிட எங்களுக்குக் கொடுத்து வைக்கலை. நீங்க மூடிவிடுங்க டீச்சர்."

டிராயிங் டீச்சர் என் கையைப் பிடித்து, "வேண்டாம்ங்க, இதெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து கண்களின் கறுப்பு நூலைப் பிரித்தேன். மூடிய இமை ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைகோடு போட்டேன். முடிந்ததும் அவர் அந்த முகத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒரு தரம் தடவினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனார்.

விழா முடிந்து திரைச்சீலையைப் பிரார்த்தனை ஹாலில் ஜன்னலோரம் மாட்டினார்கள். நூல் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் மூடவில்லை. காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது, வளைகோடுகளுக்கு மேலே இரண்டு கண்களும் வெளிச்சமாகத் திறந்திருந்தன. பிள்ளைகள் அந்தப் பக்கம் உட்கார மறுத்தார்கள். ஒரு நாள் டிராயிங் டீச்சர் அதைக் கழற்றி மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று அவரை யாரும் கேட்கவில்லை.