மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்

மாமா எங்கள் வீட்டுக்கு ஒளிந்துகொள்ள வந்தபோது, அவரும் அப்பாவும் பேச்சை நிறுத்தி ஏழு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏதோ சொத்துத் தகராறு, இல்லையென்றால் சீர் செய்ததில் குறை என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் அதுவல்ல. உழைக்கிறவர்களின் ராஜ்யம் ஓட்டுப் பெட்டி வழியாக வருமா, போராட்டத்தின் வழியாக வருமா என்று என் காதுகுத்துப் பந்தியில் இருவருக்கும் பேச்சு முற்றி, மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாராம். தம்பி பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டான் என்பதுதான் அம்மாவுக்குத் தீராத வருத்தம்.

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சில மைல் நடந்தால் ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, இந்தியா. மாமா கம்யூனிஸ்டு. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பண்ணையாட்களுக்குச் சங்கம் கட்டியவர். அவருடைய கட்சியைத் தடைசெய்து, ஆட்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலைத் தாண்டிவிட்டால் இந்தியப் போலீஸ் தானாக வந்து கை வைக்க முடியாது. ஆனால் பிரெஞ்சுச் சிப்பாய்கள் பிடித்துக் கொடுத்துவிட மாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

பங்குனி மாதத்தில் ஒரு காலை நேரம் மாமா கொல்லைப் பக்கமாக வந்து நின்றார். தாடி, கிழிந்த வேட்டி, காலெல்லாம் சேறு. அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. மொதல்ல சாப்பிடுங்க. மத்தது அப்புறம் பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்று அப்பா சொன்னதுதான் வினையாயிற்று.

அப்பா மேரியில் குமாஸ்தா. நகராட்சி அலுவலகத்துக்கு எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பெயரையே சொல்வோம். புதுச்சேரியில் படித்த நாளில் பிரெஞ்சுப் புத்தகங்கள் வழியாக அவர் சோஷலிஸ்டு ஆகியிருந்தார். குப்பை அள்ளும் தொழிலாளிகள் சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைப்பதை அவரால் பார்த்துச் சகிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். கையெழுத்துப் போடத் தெரிந்தவன் சட்டத்தைப் படிப்பான், சட்டத்தைப் படித்தவன் அதை மாற்றுவான் என்பது அவர் நம்பிக்கை.

மாமாவின் இருப்பு பரணில். மத்தியானம் அப்பா சாப்பிட வந்து வாசல் கதவைச் சாத்தியதும் இறங்கி வருவார். இலை போட்டதும் ஆரம்பித்துவிடும்.

"பொறுமையா ஒவ்வொரு சட்டமா மாத்தணும் மாப்ள. அவசரப்பட்டா ஒரு சவுக்கு போயி இன்னொரு சவுக்கு வரும்."

"வேலைக்கு ஒரு நாழி பிந்தி வந்தான்னு ஒரு ஆளுக்குச் சாணிப்பால் குடிக்கக் குடுத்தாங்க அத்தான். நான் கண்ணால பாத்தேன். அவன்கிட்ட போயி நான் பொறுமைன்னு சொல்லவா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. மறுநாள் வேறொரு புத்தகத்தோடு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அம்மாவுக்குத் தத்துவத்தில் கவலை இல்லை, சத்தத்தில்தான். "ஏழை பாழைக்குச் சோறு போடுறது இருக்கட்டும். மெதுவாப் பேசுங்க. சுவத்துக்கு அந்தாண்ட ஆளு இருக்கு" என்பாள்.

அந்த ஆள் மரைக்காயர். சைகோனில் பதினெட்டு வருஷம் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார். மாமா பரண் ஏறக்கூட நேரமில்லை. ஏணியில் பாதியில் நின்றார். அம்மா கரண்டியோடு ஏணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, எறங்குங்க, எறங்குங்க. ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று மரைக்காயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து ஒரு விஷயம் சொன்னீங்க, கூலி போக மொதலாளி கையில நிக்கிறதுதான் உபரின்னு. அதுல எனக்கு ஒரு சந்தேகம்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் விவாதம் மூன்று பேருக்கானது. சைகோன் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது கடையைச் சாத்திவிட்டு அவர்களுக்கு உலை வைத்தவர் மரைக்காயர். "இருக்கிறவன் பொருள்ல இல்லாதவனுக்குப் பாத்தியதை உண்டுன்னு எங்க மார்க்கத்துல சொல்லியிருக்கு. ஜக்காத்துங்கிறது தருமம் இல்ல தம்பி, கடமை. அதைச் சரியாச் செஞ்சாலே போதுமே, ஓட்டு எதுக்கு, போராட்டம் எதுக்கு?" என்பார். அப்பாவும் மாமாவும் அப்போது மட்டும் ஒரே கட்சியாகி அவர்மேல் பாய்வார்கள். "கொடுக்கிறவன் மனசை நம்பி உக்காந்திருக்க முடியுமா மரைக்காயரே?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்பார்கள். ஒத்துப்போய்விட்டது தெரிந்ததும் இருவருக்குமே சங்கடமாகிவிடும். உடனே வேறு எதிலாவது மாறுபட்டுக்கொள்வார்கள்.

சவுக்கு ஒழிய வேண்டும், உழுகிறவனுக்கு நிலம் வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் மாற்றுப் பேச்சே கிடையாது. போய்ச் சேரவேண்டிய ஊர் ஒன்றுதான். எந்த வண்டியில் ஏறுவது என்பதற்குத்தான் இத்தனை சண்டை. அவ்வளவு கோபமாகப் பேசியவர்கள் ஒருவர் இலையில் மற்றவர் அப்பளம் எடுத்து வைப்பார்கள். பெரியவர்கள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அபூர்வமான மூன்று பேரோடு வளர்ந்தேன் என்பது அப்போது தெரியாது.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. சாமி ஊர்வலம் வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், தெருவில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். முந்தின வருஷம் எனக்கு ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் நெட்டையான பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். இதற்கு என்ன செய்வது என்று மூவரிடமும் கேட்டேன்.

"வரிசையா நிக்க வச்சு ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்கணும். அதுக்கு மேரியில ஒரு விதி எழுதணும்" என்றார் அப்பா.

"வீசுறவன் மாடிய விட்டு எறங்கி வரணும். யாருக்குக் கெடைக்கலன்னு தேடிப் போயிக் கையில குடுக்கணும்" என்றார் மரைக்காயர்.

"அவங்க எறங்கி வர்ற வரைக்கும் நீ ஏன் காத்திருக்கே? பிடிச்ச பழத்தையெல்லாம் ஒரே எடத்துல குவிங்க. நீங்களே சமமாப் பங்கு போடுங்க. யாரையும் கேக்க வேண்டாம்" என்றார் மாமா.

"அது சாமி பிரசாதம். யார் கையில விழணுமோ அவங்க கையில விழுது" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

மாமா சொன்னதை எடுத்துக்கொண்டேன். அதற்கு மட்டும்தான் பெரியவர்கள் தயவு தேவைப்படவில்லை.

திருவிழாவன்று உச்சி வெயிலில், எங்கள் தெருமுனையில் பதினான்கு பிள்ளைகளைச் சேர்த்து, பிடித்த பழங்களை ஒரு சாக்கின்மேல் குவிக்கச் செய்தேன். ஒரு நெட்டைப் பையன் தன் பழங்களைத் தர மறுத்தான்.

"நீ நெட்டையாப் பொறந்தது ஒன் உழைப்பாடா?" என்று கேட்டேன்.

அவன் பழங்களைச் சாக்கில் போட்டுவிட்டான். பக்கத்தில் தோளில் துண்டோடு நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் கையிலிருந்த பழத்தையும் குவியலில் வைத்தார்.

"பெரிய தலைவியா வருவே போலிருக்கே பாப்பா! இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்க மாமா."

"அப்படியா? மாமா எங்க இருக்காரு?"

யார் கேட்டாலும் மாமாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தவறைச் சரிசெய்ய அவசரப்பட்டேன்.

"எங்க வீட்டுப் பரண்ல எல்லாம் மாமா இல்ல."

அவர் சிரிப்பு மாறவில்லை. எழுந்து பக்கத்துப் பையனிடம் ஏதோ கேட்டார். அவன் எங்கள் வீட்டைக் கையால் காட்டினான். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். பழங்களை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அழுதுகொண்டே சொன்னதை அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். ஆள் எந்தப் பக்கம் போனான் என்று மட்டும் கேட்டார். அடி விழும் என்று நின்றேன். "சரி. போயி மூஞ்சியக் கழுவு" என்றார்.

மாமா பரணிலிருந்து குதித்துவிட்டார். "நான் முன்வாசல் வழியாவே போயிடுறேன் அத்தான். என்னை இங்க பிடிச்சா ஒங்க வேலை போயிடும்."

"அந்த ஆளு இந்தியப் போலீசாத்தான் இருக்கும், இந்த மண்ணுல தனியா ஒரு வீட்டுக்குள்ள நொழைய முடியாது. சிப்பாயக் கூட்டிட்டு வரணும். சிப்பாய் வரணும்னா எழுத்துல உத்தரவு வேணும். அரைமணி நேரம் இருக்கு. என் வேலையப் பத்தி அப்புறம் விவாதிக்கலாம்."

"இதுல விவாதிக்க என்ன அத்தான் இருக்கு..."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்று கொல்லைக் கதவில் நின்றார் மரைக்காயர். சுவர் வழியாக எல்லாம் கேட்டிருந்தது. மாமாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

துண்டுக்காரர் இரண்டு சிப்பாய்களோடு வந்தபோது, அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். உத்தரவு எங்கே என்று பிரெஞ்சில் கேட்டு வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதுல எழுதியிருக்கிற பேர்ல இந்த வீட்டுல யாரும் கெடையாது" என்றார்.

உண்மைதான். மாமாவின் பெயரைப் பிரெஞ்சில் எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தார். துண்டுக்காரர் கத்தினார். சிப்பாய்களோ மேரிக் குமாஸ்தா சொல்வதை மீறத் தயங்கினார்கள். அப்பா எந்த எழுத்து விட்டுப்போயிற்று என்பதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மரைக்காயர் வீட்டு முன்கதவு திறந்தது. மரைக்காயர் வந்தார். அவர் பின்னால் கைலியும் தொப்பியுமாக, தாடி வைத்த ஓர் ஆள் தலையில் மாம்பழக் கூடையோடு வந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த பண்ணையாட்கள் தெருவை நிறைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் கூடைக்காரரின் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம் நின்றான். பக்கத்தில் இருந்தவன் தோளைத் தொட்டான். பத்துப் பன்னிரண்டு பேர் பழம் பிடிக்கிறவர்கள்போலக் கைகளை உயர்த்திக்கொண்டு அவரைச் சுற்றி நெருங்கினார்கள். துண்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோது உயர்ந்த கைகள் மட்டுமே தெரிந்தன. கூட்டம் அப்படியே தெற்கே நகர்ந்தது.

திருத்திய உத்தரவோடு அவர்கள் திரும்பி வந்தபோது அப்பா மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். பரண்மேல் ஏறிப் பார்க்க ஏணியைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

மாமா பட்டினச்சேரியில் மீனவர் வீடொன்றில் இரண்டு நாள் இருந்துவிட்டு, படகேறிப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அப்பாவின் வேலை போகவில்லை. ஆனால் தூரத்துக் கிராமம் ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுத மாற்றினார்கள். இரண்டு வருஷம் தினமும் வெயிலில் சைக்கிள் மிதித்தார். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

தடை நீங்கியபின் மாமா வாசல் வழியாகவே வந்தார். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று மேரி ஊழியர்கள் வேலையை நிறுத்தியபோது முன்வரிசையில் அப்பா நின்றார். தாங்கள் மாறிவிட்டதாக இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

மூவரும் கூடும்போதெல்லாம் அந்தத் திருவிழாப் பேச்சு வந்துவிடும்.

"சட்டம்னு ஒண்ணு இருந்ததாலதான் மாப்ள நீங்க தப்பிச்சீங்க. உத்தரவு இல்லாம நொழைய முடிஞ்சிருந்தா?" என்பார் அப்பா.

"சட்டமா? சுத்தி நின்ன சனங்க அத்தான்! அவங்க இல்லன்னா தெருமுனையிலயே பிடிச்சிருப்பான்."

"அல்லா ஒருத்தன் இருக்கான், அவனையும் கொஞ்சம் கணக்குல சேத்துக்குங்க" என்பார் மரைக்காயர்.

முப்பது வருஷம் பேசியும் அது முடிவாகவில்லை. பேச்சு போலீஸ் எப்படி வந்தது என்ற இடத்துக்கு வரும்போது மட்டும், "எவனோ மோப்பம் பிடிச்சுட்டான்" என்பார் மாமா. "ஊரெல்லாம் உளவாளிங்கதானே" என்று அப்பா தலையை ஆட்டுவார். "நாம போட்ட சத்தத்துக்குக் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்" என்பார் மரைக்காயர். சொல்லிவிட்டு மூவரும் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

நான் அழுதுகொண்டே சொன்னதை அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு, வேறு யாரோ உளவாளி உண்மையாகவே இருந்திருக்கிறான் போலும் என்று நம்பவும் தொடங்கினேன். நிம்மதியாக வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசினேன், பிற்பாடு சங்க வேலையிலும் இறங்கினேன். வாயைத் திறந்ததால் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தவள் என்ற எண்ணம் என் நாக்கில் ஒருநாளும் உட்காரவில்லை.

மூவரில் கடைசியாக இருந்த மாமாவும் போன பிறகு, ஒருநாள் இதை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எவனோ மோப்பம் பிடிச்சுட்டான்" என்று என் வாயும் சொல்லிற்று. அங்கே நின்றுவிட்டேன். எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர் ஒரே ஒரு விஷயத்தில், ஒரு வார்த்தைகூட விவாதிக்காமல், முப்பது வருஷம் ஒத்துப்போயிருந்தார்கள்.